நிறத்தின் பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம் என்று சொன்ன உடனே எல்லோரும் கேட்கிற கேள்வி, "என்ன கலர்?" என்னைக் கேட்டால் அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு வெளிர்? எவ்வளவு பளிச்? இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் நீலமோ பச்சையோ எதை அடித்தாலும் அறை பார்க்க நன்றாக இருக்கும். இந்த இரண்டும் தப்பினால், சின்ன வயதிலிருந்து உங்களுக்குப் பிடித்த நிறமாகவே இருந்தாலும் சுவரில் ஏறியதும் உறுத்தும்.

நான் அச்சகத்தில் வண்ணம் சரிபார்க்கிற ஆள். திரையில் பார்த்த சிவப்பு தாளில் ஏன் அப்படியே வரவில்லை என்று வாடிக்கையாளர் கேட்கும்போது நின்று பதில் சொல்ல வேண்டிய வேலை. அதனால் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் முறை வந்தபோது ஷேட் கார்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்ததற்காக அம்மா அப்புறம் வருத்தப்பட்டிருக்கலாம்.

எங்கள் தொழிலில் நிறத்தை ஒரே பெயரால் சொல்வதில்லை. ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 1905இல் ஒரு முறையை வெளியிட்டார். எந்த நிறத்தையும் மூன்று அளவுகளால் சொல்லிவிடலாம் என்பது அதன் சாரம். முதலாவது நிறம்: சிவப்பா, மஞ்சளா, நீலமா. இரண்டாவது வெளிர்வு: கறுப்பிலிருந்து வெள்ளை வரை போகும் படிக்கட்டில் எந்தப் படி. மூன்றாவது செறிவு: அதே வெளிர்வுள்ள சாம்பலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது. ஷேட் கார்டைப் புரட்டும்போது நம் கண் முதலாவதிலேயே சிக்கிக்கொள்கிறது. அறையின் தலையெழுத்தை எழுதுவது மற்ற இரண்டும்தான்.

இதை என்னைவிடச் சீக்கிரம் பிடித்தவன் என் தம்பி. அவனுக்குப் பிறவியிலேயே சிவப்புக்கும் பச்சைக்கும் சரியாக வேறுபாடு தெரியாது. ஹாலுக்கு மங்கலான பச்சையா, இல்லை மண் பழுப்பா என்று நானும் அம்மாவும் ஒரு மாலை முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானே, இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றான். இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். இரண்டும் ஒரே சாம்பல். அவன் சொன்னது ஒரு வகையில் சரிதான். ஹாலின் வெளிச்சத்தைப் பொறுத்தவரை அவை இரண்டும் ஒரே வேலையைச் செய்யும். எது என்பது அம்மாவின் விருப்பத்துக்கு விட்டுவிடக்கூடிய விஷயம்.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். செலவில்லாத உபாயம். காலி அறையை எடுக்காதீர்கள். தரை, கதவு, சோபா, திரைச்சீலை எல்லாம் படத்துக்குள் வரட்டும். நிறம் போன பிறகு அறையில் எத்தனை படி சாம்பல் இருக்கிறது என்று பாருங்கள். எல்லாமே நடுத்தரச் சாம்பலாக இருந்தால், எத்தனை நிறம் வாங்கிப் பூசினாலும் அந்த அறை தட்டையாகத்தான் தெரியும். எங்கள் ஹாலில் தரை செம்பழுப்பு டைல்ஸ், படத்தில் ஓரளவு அடர்த்தி. சோபா நடுவில். கதவு, நிலை எல்லாம் கறுப்புக்குப் பக்கம். வெளிர் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. சரி, சுவர்தான் வெளிராக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. என்ன நிறம் என்று அதுவரை யாரும் வாயே திறக்கவில்லை. ஒரு எச்சரிக்கை: ஷேட்களை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் ஒரே படத்தில் எடுக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் போன் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைத்து ஏமாற்றிவிடும்.

ஷேட் கார்டிலோ நிறுவனத்தின் இணையதளத்திலோ எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும். மேலே விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தை அந்தப் பெயிண்ட் திருப்பி அனுப்புகிறது என்பதுதான் அது. முழுக் கறுப்பு 0, குறையே இல்லாத வெள்ளை 100. கடையில் கிடைக்கும் நல்ல வெள்ளைகள் 85, 90 பக்கம் நிற்கும். இந்த எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. 50 என்று பார்த்ததும் நடுத்தர அடர்த்தி என்று தோன்றும். ஆனால் மனிதக் கண்ணுக்கு கறுப்புக்கும் வெள்ளைக்கும் சரிபாதியாகத் தெரிவது 20 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான். புகைப்படக்காரர்கள் 18 சதவீதச் சாம்பல் அட்டையை வைத்து வெளிச்சம் பார்ப்பதன் பின்னணியும் இதுதான். ஆக 50 என்பது கண்ணுக்கு நல்ல வெளிர். 20க்குக் கீழே போனால்தான் அடர் நிறம் என்றே சொல்ல முடியும்.

அடுத்தது செறிவு. நிறையப் பேர் வீட்டில் பெயிண்ட் கெட்டுப்போவது இங்கேதான் என்பது என் கணிப்பு. கார்டில் விரல் அகலத் துண்டாக இருக்கும்போது அழகாக இருந்த மஞ்சள், நான்கு சுவரிலும் ஏறியதும் ஏன் கத்துகிறது? கொஞ்சம் கணக்குப் போட்டால் புரியும். சுவரில் பட்ட வெளிச்சம் உங்கள் கண்ணுக்கு வருவதற்கு முன் எதிர்ச் சுவரிலும் பக்கச் சுவரிலும் பட்டுப் பட்டு வருகிறது. ஒரு வெளிர் மஞ்சள் பெயிண்ட், வெளிச்சத்தின் மஞ்சள் பங்கில் 80 சதவீதத்தையும் நீலப் பங்கில் 60 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை பட்டுத் திரும்பியபின் மஞ்சளில் 51 சதவீதம் மிஞ்சும், நீலத்தில் 22 சதவீதம்கூட மிஞ்சாது. 4க்கு 3 என்றிருந்த வித்தியாசம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. சுவர்கள் தங்களுக்குள் பேசிப் பேசி மஞ்சளைப் பெருக்கிவிடுகின்றன. சின்ன அறை என்றால் இன்னும் மோசம்.

அதனால் நான் வைத்துக்கொண்ட வழி இது: பிடித்த ஷேடைக் கண்டுபிடித்ததும், அதே வெளிர்வில் அதைவிடச் சாம்பல் கலந்த பக்கத்துத் துண்டுக்கு நகர்ந்துவிடுவது. கார்டில் "ஐயே, அழுக்குத் தண்ணி மாதிரி இருக்கு" என்று அம்மா ஒதுக்கியவைதான் சுவரில் நிதானமாக நின்றன. எங்கள் படுக்கையறையின் பச்சை, துண்டாக இருக்கும்போது பச்சை என்றே யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது வருகிறவர்கள் எல்லோரும் "பச்சை நல்லா இருக்கே" என்கிறார்கள்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அச்சகத்தில் தாளை வைத்து நிறம் பார்க்கும் எங்கள் மேடைக்கு 5000 கெல்வின் விளக்குதான் நியமம். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு. சுற்றிலும் நிறமற்ற சாம்பல். வேறு வெளிச்சத்தில் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை. வீட்டில் அந்த வசதி கிடையாது. ஒரே சுவர் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று. கெல்வின் எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சள் பக்கம் போகும், கூடக் கூட நீலம். மஞ்சள் பல்பு 2700, பளீர் வெள்ளை பல்பு 6500. வெயில் நேராக விழாமல் நீல வானத்தின் வெளிச்சம் மட்டும் வருகிற ஜன்னல் 10,000ஐத் தாண்டும். அப்படி ஒரு ஜன்னல் உள்ள அறையில் நீலம் கலந்த சாம்பலை அடித்தால் பகல் முழுக்க மழைக்கு முந்தைய வானம்தான். சுருக்கமாக, ஜன்னலைப் பார்க்காமல் ஷேடைப் பார்க்காதீர்கள்.

பல்பில் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும்: சி.ஆர்.ஐ. நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு, உச்சம் 100. பழைய இழை பல்புக்கு அது ஏறக்குறைய முழு மதிப்பெண். சாதாரண எல்.இ.டி.க்கு 80 பக்கம். 90க்கு மேல் உள்ளதைத் தேடி வாங்கினால் சுவருக்குச் செய்த செலவு கண்ணில் தெரியும். பகலில் ஒன்றுக்கொன்று பொருந்தி நின்ற சுவரும் திரைச்சீலையும் ராத்திரி விளக்குப் போட்டதும் பிரிந்து தெரிகிற சங்கடம் எங்கள் தொழிலில் தினசரிப் பாடு. இரண்டும் வேறு வேறு சாயப் பொருள்களால் அந்த நிறத்தை அடைந்திருப்பதால் வருவது. ஜன்னல் பக்கம் வைத்து மட்டும் பொருத்தம் பார்க்காமல் விளக்கடியிலும் ஒருமுறை பார்த்துவிட்டால் இது வராது.

என் அறை ஜன்னலை ஒட்டி ஒரு பெரிய மரம் நிற்கிறது. பகலில் உள்ளே வருவது இலைகளில் பட்டு வடிந்த வெளிச்சம், லேசான பச்சை. வெள்ளைத் தாளைச் சுவரில் பிடித்துப் படமெடுத்தால் பச்சை தெரியும். இந்த அறைக்கு "சுத்தமான வெள்ளை" என்று பெயர் போட்ட ஷேடை அடித்தால், உள்ளே நிற்பவர்கள் எல்லாம் உடம்பு சரியில்லாதவர்கள் மாதிரிதான் தெரிவார்கள். நிறங்களை வட்டமாக அடுக்கிய வண்ணச் சக்கரத்தில் பச்சைக்கு எதிரே இருப்பது சிவப்பு. ஆகவே சிவப்பு ஒரு துளி கலந்த ஆஃப்-வொயிட்டை எடுத்தேன். கார்டில் அது லேசான ரோஜா நிறம். என் அறையில் வெறும் வெள்ளை. எதிர் நிறம் என்றதும் நீல சோபாவுக்கு ஆரஞ்சு தலையணை என்று அலங்காரத்துக்குத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது அதன் சின்ன உபயோகம். வேண்டாத நிறத்தை ஈடுகட்டி மறைப்பதுதான் அதன் உண்மையான உபயோகம் என்று நினைக்கிறேன்.

வெள்ளைக்குள் ஒளிந்திருக்கும் நிறத்தைக் கண்டுபிடிக்க, ஆஃப்-வொயிட் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் நான்கைந்தை வரிசையாக அடுக்கி, நடுவில் ஒரு வெற்று வெள்ளைத் தாளை வையுங்கள். தனியாக இருக்கும்வரை எல்லாமே வெள்ளை. பக்கத்தில் வந்ததும் ஒன்று பச்சை, ஒன்று ரோஜா, ஒன்று மஞ்சள் என்று குட்டு வெளிப்பட்டுவிடும். மஞ்சளோடு கறுப்புச் சாயம் கலந்து உருவான கிரீம்களில் மட்டும் கூடுதல் கவனம். மஞ்சளில் கறுப்பைச் சேர்த்தால் அது பச்சைப் பக்கம் சாயும்.

பக்கத்தில் வைத்தால் நிறம் மாறித் தெரிவதற்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. பாரிஸில் கோபெலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் மிஷெல் செவ்ரூல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூலில் அழுத்தமே இல்லை என்று புகார் வர, அவர் ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குறை ஒன்றும் இல்லை. அந்த நூலுக்குப் பக்கத்தில் எந்த நிற நூல் வருகிறது என்பதில்தான் பிரச்சினை. பக்கத்து நிறத்தின் எதிர் நிறத்தைக் கண் தானாகவே இதன்மேல் பூசிவிடுகிறது. இதையெல்லாம் விரிவாக எழுதி 1839இல் வெளியிட்டார். எங்கள் ஹாலில் இது தினமும் நடக்கிறது. செம்பழுப்புத் தரைக்கு மேலே வெறும் சாம்பல் சுவர் வைத்துப் பார்த்தால் அது பச்சையாகத் தெரிகிறது. வேடிக்கை என்னவென்றால், தரையிலிருந்து எழும்பும் செம்மை சுவரின் அடிப்பகுதியில் நிஜமாகவே படிகிறது. ஒன்று கண்ணுக்குள் நடப்பது, இன்னொன்று சுவரில் நடப்பது, இரண்டும் எதிரெதிர்த் திசை. எது ஜெயிக்கும் என்று உட்கார்ந்த இடத்தில் சொல்ல முடியாது. அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அறுவை அரங்கில் பச்சைத் துணி வந்ததும் இந்த வழியில்தான். 1914 வாக்கில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற மருத்துவர், கண்ணைக் கூச வைத்த வெள்ளைக்குப் பதிலாக ரத்தச் சிவப்புக்கு எதிரான பச்சையைக் கொண்டுவந்தார். சிவப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அது ஓய்வு.

சரி, பார்ப்பது எப்படி? மாதிரியை நேரே பழைய சுவரில் பூசிப் பார்க்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. சுற்றிலும் இருக்கும் பழைய நிறம் புதியதைக் கெடுத்துக் காட்டும். செவ்ரூல் சொன்னது அதுதானே. பெரிய அட்டையில் ஓரம் விடாமல் இரண்டு கோட் அடித்து, முழுதாகக் காயவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு அறை முழுக்க நடக்கலாம். எமல்ஷன் பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது பால் கலந்தது போல் வெளுப்பாகத் தெரியும், காய்ந்தால் ஒரு படி அடர்த்தியாகும். ஈரத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஜன்னல் இருக்கிற சுவரில் கட்டாயம் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் அறையிலேயே இருட்டான சுவர் அதுதான். இரண்டு அட்டைகளை மூலையில் செங்குத்தாக மடக்கி வைத்தால், ஒன்றின் நிறம் மற்றதில் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேலே நான் போட்ட கணக்கு நிஜமா பொய்யா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வேலைக்கு வந்த பெயிண்டர் அண்ணன் இந்த அட்டைகளைப் பார்த்து, "சுவரே இருக்கும்போது இதெல்லாம் எதுக்குங்க?" என்று சிரித்தார். மறுநாள் அவரே ஒரு அட்டையை எடுத்துப்போய் சீலிங்கில் பிடித்துக் காட்டினார். "மேல வச்சா டார்க்கா தெரியுது பாருங்க." சீலிங்குக்கு நேர் வெளிச்சம் குறைவு, அதனால் சுவருக்கு அடித்த அதே பெயிண்ட் மேலே அடர்த்தியாகத்தான் தெரியும். சுவர் நிறத்தையே சீலிங்குக்கும் வேண்டும் என்பவர்கள் வெளிர்வில் ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம்.

மினுமினுப்பும் நிறத்தை மாற்றும். மேட், அதாவது மினுமினுப்பில்லாத பரப்பு வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் நிறம் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். கிளாஸ், அதாவது நல்ல பளபளப்பான பரப்பு, அதே நிறத்தை ஆழமாக்கும், கூடவே பட்டி சரியாகப் பார்க்காத இடங்களையும் ஊருக்குக் காட்டிக்கொடுக்கும். கை படுகிற இடத்துக்கு லேசான மினுமினுப்புள்ள சாட்டின், மற்றதற்கு மேட். இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

வண்ண மனோதத்துவம் பற்றிக் கேட்கிறவர்கள் நிறைய. நீலம் அமைதி தரும், சிவப்பு கோபம் தரும் என்பதையெல்லாம் நான் சுவர் விஷயத்தில் பொருட்படுத்துவதில்லை. 1979இல் சியாட்டிலில் ஓர் அமெரிக்கக் கடற்படைத் தடுப்பு மையத்தின் அறையை ஒருவகை ரோஜா நிறத்தில் பூசினார்கள். கைதிகளின் முரட்டுத்தனம் குறைந்தது என்று பெரிய பேச்சாகி, மற்ற இடங்களுக்கும் அந்த நிறம் பரவியது. பின்னால் கட்டுப்பாட்டோடு செய்த சோதனைகளில் அந்தப் பலன் தெரியவில்லை. சிவப்பு உறுத்துகிறது என்றால் பெரும்பாலும் அதன் செறிவுதான் உறுத்துகிறது. செறிவைக் குறைத்த சிவப்பு வெறும் செங்கல் நிறம், யாரையும் ஒன்றும் செய்யாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: மங்கிய வெளிச்சத்தில் சிவப்பு சீக்கிரம் கறுத்துவிடும், நீலம் தாக்குப்பிடிக்கும். ராத்திரி சின்ன விளக்கு மட்டும் எரிகிற அறையில் அடர் சிவப்பு வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நிறத்தின் பெயரைத் தீர்மானிக்கும் நேரம் வந்தபோது எங்கள் வீட்டில் சண்டையே வரவில்லை. அம்மா மங்கல் பச்சையை எடுத்தார், ஹாலுக்கு அல்ல, படுக்கையறைக்கு. ஹாலுக்குச் சாம்பல் கலந்த கிரீம். தம்பி அவன் கட்டிலுக்குப் பின் சுவருக்கு அடர் நீலம் கேட்டான். அவனுக்கு நீலம் நன்றாகவே தெரியும், அது அவன் உரிமை. எல்.ஆர்.வி. 8. மற்ற மூன்று சுவர்களும் வெளிர் என்பதால் அறை தாங்கிக்கொண்டது. இவ்வளவு அடர்ந்த ஷேட்களில் வெள்ளைத் தன்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு மிகக் குறைவாகவே இருக்கும். அதனால் அடியில் இருப்பதை அவ்வளவு எளிதில் மூடாது. சாம்பல் சாயம் கலந்த பிரைமரை, அதாவது அடிப்பூச்சை, முதலில் அடித்ததால் பெயிண்ட் கோட் மிச்சமானது. பளிச் சிவப்பு, பளிச் மஞ்சள் ஆசைப்படுபவர்களும் பிரைமர் நிறத்தைப் பெயிண்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

கடைசியாக டின்கள். ஒரே ஷேட் எண் என்றாலும் இரண்டு டின்களுக்குள் நூலளவு வித்தியாசம் இருக்கலாம், அது ஒரே சுவரில் பாதியில் மாறும்போது தெரியும். ஒரு சுவருக்கு வேண்டிய டின்களையெல்லாம் பெரிய வாளியில் கொட்டிக் கலக்கிவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். மிச்சத்தை மூடி இறுகும் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, ஷேட் எண், மேட்டா சாட்டினா, எந்த அறை என்று எழுதி ஒட்டி வையுங்கள். மேட் சுவரில் பின்னால் ஒட்டுப் போட்டால் கலந்துவிடும். சாட்டினில் தனியாகத் தெரியும். அங்கே கறை விழுந்தால் மூலையிலிருந்து மூலை வரை அந்தச் சுவர் முழுக்க ஒரு கோட் அடித்தால்தான் சரியாகும்.